பல் தேய்த்த வாத்து

“மச்சான், இந்த வாத்து பல் தேய்ச்சிருக்கு” என்றார் மாப்பிள்ளை.

துப்பறியும் தொழிலில் எத்தனையோ பேச்சைக் கேட்டாயிற்று. ஆனால் இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு முகத்தை மாற்றாமல் நிற்க தனிப் பயிற்சி வேண்டும். எனக்கு அது இருக்கிறது.

“நல்ல பழக்கம். வாய் கொப்பளிச்சுதான்னு பாருங்க” என்றேன்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சிரிக்கவும் மாட்டார். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டும் ஸ்கேனர் முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். அடுத்தவர் பெட்டிக்குள் கிடக்கும் கிழிந்த பனியனையும் திருடிய ஓட்டல் துண்டையும் பார்த்துப் பார்த்து, மனித குலத்தின் மேலேயே அவருக்கு ஒரு அலுப்பு வந்துவிட்டது. வேலையை விட்டதும் துப்பறியும் அலுவலகம் திறந்தார். என் தங்கையைக் கட்டியவர் என்பதால் நான் உதவியாளன் ஆனேன். வயதில் எனக்குச் சின்னவர்தான். இருந்தாலும் மாப்பிள்ளை ஆயிற்றே, வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும், பையையும் நான்தான் தூக்க வேண்டும். அவர் என்னை மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் மச்சான் என்கிறார்கள். தபால்காரரும் அப்படியே. ஊரில் எத்தனை வீட்டுக்கு நான் தங்கையைக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

அன்று காலை நாங்கள் நின்றிருந்த இடம் படகுத்துறைக்கு இறங்கும் சரிவுத் தெரு. ஊர் பார்க்க வரும் பயணிகள் படகை விட்டு இறங்கியதும் ஏறுகிற தெரு அது, திரும்பிப் போகும்போது பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்குகிற தெருவும் அதுதான். இரண்டு பக்கமும் பரிசுக் கடைகள். வேறெங்கும் கிடைக்காததைத்தான் விற்பது என்று அந்தத் தெருவுக்கு ஒரு வைராக்கியம். ஒரு கடையில் பூட்டே இல்லாத சாவிகள். ஒரு கடையில் ஒற்றைச் செருப்புகள். இன்னொன்றில் மூடி போட்ட காலி சீசாக்கள். ஒவ்வொன்றிலும் யாரோ விட்ட பெருமூச்சு அடைபட்டிருப்பதாகச் சீட்டு ஒட்டியிருக்கும். அதற்கும் கூட்டம் நிற்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவின் கடைசிக் கடை கோப்பையம்மாவுடையது. பயணிகளின் பெட்டியை நிறுத்துப் பார்க்கும் எடை மேடைக்கு அடுத்தது. கைப்பிடியை உள்பக்கம் வைத்த கோப்பைகள், பின்னால் ஓடும் கடிகாரம், ஒரே ஒரு தோளை மட்டும் நனையாமல் காக்கும் குடை, வழுக்கைத் தலைக்கென்று பல் வைக்காத சீப்பு. வாசல் பலகையில் ‘எதற்கும் உதவாத பொருள்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வியாபாரத்தில் அப்படி ஒரு நேர்மையை நான் பார்த்ததில்லை.

அந்தக் கோப்பைகளுக்கு நடுவில்தான் அது உட்கார்ந்திருந்தது. மரத்தில் செதுக்கிய வாத்து, நல்ல செங்கல் கனம். அலகு பாதி திறந்திருந்தது. உள்ளே மனிதப் பல் வரிசை, மேலும் கீழும், இளஞ்சிவப்பு ஈறோடு. பார்க்கிற பக்கமெல்லாம் திரும்பிச் சிரிப்பது போலவே இருந்தது. பல்லில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

“இதை நான் வைக்கல” என்றார் கோப்பையம்மா. கட்டையான உருவம், கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கையில் தூசி தட்டும் துணி. “யாரோ கொண்டுவந்து வச்சுட்டுப் போறாங்க. கடைக்குள்ள திருடன் வந்து எடுத்துட்டுப் போவான்னு கேள்விப்பட்டிருக்கீங்க. எனக்கு வச்சுட்டுப் போறான்.”

“அதுல என்ன நஷ்டம்? வித்துட வேண்டியதுதானே” என்றேன்.

“நல்லா சொன்னீங்க, மச்சான். இந்தத் தெருவோட சட்டம் தெரியுமா? ஒரு பொருள், ஒரு கடை. அடுத்த கடைப் பொருள் நம்ம அலமாரில இருக்கக் கூடாது. ரெண்டு தடவை கடைக்காரங்க சங்கத் தலைவர் வந்து இந்த வாத்தைப் பிடிச்சுட்டாரு. இன்னிக்கு மூணாவது. சாயங்காலப் படகு கிளம்பறதுக்குள்ள வருவாரு. யாரு வைக்கிறாங்கன்னு நான் ஆளைக் காட்டணும். காட்டலைன்னா ஷட்டரை இறக்கிச் சாவியை வாங்கிட்டுப் போயிடுவாரு.”

“வாத்து யாரோடது?”

“எதிர்க்கடைக்காரரோடது. அவரு என் சம்பந்தி. என் பொண்ணை அவர் பையனுக்குத்தான் கொடுத்திருக்கேன்.” கோப்பையம்மா துணியை முறுக்கினார். “கடை போச்சுன்னா நான் பொண்ணு வீட்டுக்குத்தான் போகணும். பொண்ணு வீடுன்னா சம்பந்தி வீடு. தினம் அவர் முன்னாடி உட்கார்ந்து சாப்பிடணும். அதுக்கு இந்தக் கோப்பைல விழுந்து மூழ்கிடலாம்.”

மாப்பிள்ளை இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. வாத்தைத் தலைகீழாகத் திருப்பி அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாய் திறந்தார். மாப்பிள்ளையைச் சொல்கிறேன், வாத்து ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

“பல் தேய்ச்சா உள்பக்கமும் வெள்ளை இருக்கும். இதுல வெளியில மட்டும், அதுவும் இடது பக்கம் மட்டும் அப்பியிருக்கு. பெட்டிக்குள்ள பேஸ்ட் டியூப் நசுங்கினா இப்படித்தான் அப்பும். கடைவாய்ப் பல்லுல பாருங்க, கம்பளி நூல். காலுறையோட நூல். அடிப்பக்கம் ஜிப்போட தடம் பதிஞ்சிருக்கு. எதிர்க்கடையிலிருந்து நேரா இங்க வந்த வாத்து இல்ல இது. யாரோ காசு கொடுத்து வாங்கி, பெட்டியில வச்சு, அப்புறம் வெளியில எடுத்திருக்காங்க.”

வாடிக்கையாளர்கள் இந்த இடத்தில் வாயைப் பிளப்பார்கள். கோப்பையம்மாவுக்கோ முகம் சுண்டிவிட்டது. “அதெல்லாம் இருக்காது” என்றார் அவசரமாக. “எனக்கு அந்தப் பூட்டில்லாச் சாவி விக்கிறவர் மேலதான் சந்தேகம். அவர்தான் வைப்பாரு. அவர்னே சொல்லிடுங்களேன்.”

“விசாரிக்காம எப்படிம்மா சொல்றது?”

“விசாரிச்சா மட்டும் என்ன மாறப்போகுது” என்று முனகிவிட்டு, கோப்பையைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த கோப்பை அது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பையைத் தூக்கினேன். எதிர்க்கடைக்குப் போனோம்.

வாத்துக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே முதுகைக் காட்டி, பின்சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டிருந்தார். சுவர் முழுக்க ஓர் உலக வரைபடம். அதில் ஊர் ஊராகக் குண்டூசி குத்தியிருந்தது. சுற்றிலும் அலமாரிகளில் வாத்துகள். ஒன்று இளித்தது, ஒன்று புன்னகைத்தது, ஒன்று வங்கி மேலாளர் கடன் இல்லை என்று சொல்லும்போது சிரிக்கிற மாதிரி சிரித்தது.

“வாங்க, வாங்க” என்று திரும்பினார். ஒல்லியானவர், நீளமான விரல்கள். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுத்தே தலை நரைத்தவர். தொழிலை விட்டபோது மிஞ்சிய பற்களைத் தூக்கிப் போட மனம் வராமல்தான் வாத்து செய்யத் தொடங்கினாராம். “மனுஷங்களுக்குப் பல் கட்டினேன். ஒருத்தராவது எனக்குச் சிரிச்சுக் காட்டினதில்ல. டாக்டருக்குத்தான் காட்டுவாங்க. வாத்து அப்படி இல்ல பாருங்க.”

மாப்பிள்ளை அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கையில் நான் அசட்டையாக ஒரு வாத்தைத் தொட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. வாத்துக்காரர் சட்டென்று என் இரண்டு கையையும் பிடித்து அதற்குள் வாத்தை வைத்து மூடினார்.

“அது உங்களைப் பார்த்துதான் சிரிக்குது. நேத்துலேருந்து யாரையும் பார்த்துச் சிரிக்கல” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியது, கனம் அப்படி. “எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போறீங்க?”

“நான் இதே ஊர்தாங்க.”

அவர் குண்டூசியோடு வரைபடத்தில் தேடினார். கடலோரத்தில் கடுகளவு புள்ளியாக எங்கள் ஊர் இருந்தது. “இந்த ஊருக்கு இதுவரைக்கும் ஊசி குத்தினதே இல்ல” என்று சொல்லிப் பக்குவமாகக் குத்தினார். நான் வாத்தும் கையுமாகத் தெருவில் வந்து நின்றேன். வேண்டாம் என்று சொன்னேனா, இல்லையா என்பதுகூட நினைவில் இல்லை.

“ரெண்டு விஷயம், மச்சான்” என்றார் மாப்பிள்ளை. “அவர்கிட்ட வேண்டாம்னு யாராலயும் சொல்ல முடியாது. இது ஒண்ணு.”

“அதை நான் செய்து காட்டிட்டேன். ரெண்டாவது?”

“எந்தக் கடைக்காரனும் தெருவைப் பார்த்துத்தான் உட்காருவான். இவர் ஏன் சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்காரு?”

“வரைபடத்தை ரசிக்கிறாரு.”

“பார்ப்போம்” என்றார். மாப்பிள்ளை பார்ப்போம் என்று சொன்னால் அதற்கு அர்த்தம், எனக்கு வேலை வரப்போகிறது.

வந்தது. கோப்பையம்மா கடையில் மறைந்திருந்து ஆளைப் பிடிக்க வேண்டும் என்றார். திரைக்குப் பின்னால் ஒளியட்டுமா, குடைகளுக்கு நடுவில் நிற்கட்டுமா என்று நான் ஆர்வமாகக் கேட்டேன்.

“நீங்க ஒளிய வேண்டிய அவசியமே இல்ல, மச்சான். அலமாரி பக்கத்துல சும்மா உட்காருங்க. இந்தக் கடைல யாருக்கும் வித்தியாசமா தெரியாது.”

இவருக்கா என் தங்கையைக் கொடுத்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னபடியேதான் நடந்தது. பயணிகள் உள்ளே வந்தார்கள், சீப்பைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் என்னைச் சுற்றி வந்து, இது என்ன செய்யும் என்று கோப்பையம்மாவிடம் விசாரித்தார். ஒன்றும் செய்யாது என்று பதில் வந்தது. அந்த அம்மாள் சற்று யோசித்து, வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெயில் சாய்கிற நேரம் அந்த ஆள் வந்தான். எடை மேடைப் பக்கமிருந்து வந்தான். பெரிய உடம்பு, பூப்போட்ட சட்டை, பாதி திறந்த பெட்டி. கோப்பையம்மா உள்ளே போன சமயம் பார்த்து, அத்தனை பெரிய உடம்பையும் கால் விரல் நுனியில் தூக்கிக்கொண்டு நடந்தான். பெட்டிக்குள் கைவிட்டு ஒரு வாத்தை எடுத்தான். கோப்பைகளுக்கு நடுவில் வைத்தான். அதன் முதுகை இரண்டு முறை தடவிக் கொடுத்தான். திரும்பினால் மாப்பிள்ளை நின்றார்.

“வச்சது வச்சபடி நில்லுங்க” என்றார் மாப்பிள்ளை.

அந்த ஆள் திருதிருவென்று விழித்தான். அடுத்த நிமிடமே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

“நான் என்ன சார் பண்றது? படகுல எடை ஜாஸ்தியாம், ஏதாவது ஒண்ணைக் குறைன்னு அங்க நிறுத்திட்டாங்க. பெட்டியில கனமா இருக்கறது இது ஒண்ணுதான். ரூம்ல இருந்தப்பவும் சரியாத் தூங்க முடியல. விளக்கை அணைச்சாலும் பல் மட்டும் தெரியுது.”

“திருப்பிக் கொடுத்திருக்கலாமே?”

“அந்த மனுஷன் என் கையைப் பிடிச்சு, எங்க ஊருக்கு ஊசி வேற குத்தினாரு சார். எந்த முகத்தை வச்சுக்கிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்?”

“குப்பைத் தொட்டி இருக்கே” என்றேன் நான்.

அலமாரிப் பொருள் பேசியதும் அவன் துள்ளி விழுந்தான். பிறகு சுதாரித்துக்கொண்டு, “போட்டுப் பார்த்தேன் சார். உள்ளேயிருந்து சிரிச்சுது. மனசு கேட்கல. இங்க பலகையில எதற்கும் உதவாததுன்னு போட்டிருந்தது. சரி, இதுதான் இதுக்கு இடம்னு நினைச்சேன்” என்றான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் இன்னொரு குடும்பம் வந்து நின்றது. அப்பா, அம்மா, மாமியார். மாமியாரின் முந்தானைக்குள் வாத்து வடிவில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் வானத்தைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிக்காத முகத்தில் ஒரு மூலை மட்டும் லேசாக அசைந்தது. “வழக்கு முடிஞ்சுதும்மா” என்று கோப்பையம்மாவைக் கூப்பிட்டார். “திருடனும் இல்ல, சதியும் இல்ல. வாங்கினவங்களே எடை தாங்காம உங்க கடையில விட்டுட்டுப் போறாங்க. தலைவர் வரட்டும். இவரையே சாட்சியா நிறுத்தி, எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.”

கோப்பையம்மா வேகமாக வந்தார். பூப்போட்ட சட்டைக்காரனின் பெட்டியை மூடி, கையில் கொடுத்து, “படகுக்கு நேரமாச்சு, போயிட்டு வாங்க” என்று வாசல் வழியே தள்ளிவிட்டார். மாமியாரிடமிருந்து வாத்தை வாங்கிக்கொண்டு அந்தக் குடும்பத்தையும் அனுப்பினார். சாட்சிகள் எல்லாரும் துறையைப் பார்த்து ஓடியே போனார்கள்.

“என்னம்மா பண்றீங்க?” என்று மாப்பிள்ளை பதறினார்.

கோப்பையம்மா நேராக உள்ளே போனார். பின்கட்டுக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பையைக் கீழே போட்டுவிட்டேன். தரையிலிருந்து கூரைவரை வாத்து. பலகை மேல் பலகை போட்டு, வரிசை வரிசையாக, ஒன்றின் மேலும் தூசி இல்லாமல். அத்தனையும் எங்களைப் பார்த்துச் சிரித்தன.

“எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?” என்றார் கோப்பையம்மா. “முதல் வாத்து வந்த அன்னிக்கே தெரியும். நான் உள்ள போற மாதிரி போவேன், அவங்க நிம்மதியா வச்சுட்டுப் போவாங்க. தலைவர் கண்ணுல படறதுக்கு முன்னாடி எடுத்து இங்க வச்சிடுவேன். அந்த ரெண்டு தடவையும் எடுக்க மறந்துட்டேன். இன்னிக்கு வர்றது அறிவிப்புக் கொடுத்துட்டு வர்ற சோதனை. பின்கட்டையும் பார்ப்பாரு.”

“தெரிஞ்சுக்கிட்டே எதுக்கும்மா எங்களைக் கூப்பிட்டீங்க?”

“எனக்கு ஒரு திருடன் வேணும். உண்மை வேண்டாம். சங்கத்துல உண்மையைச் சொன்னா சம்பந்தி காதுக்குப் போகும். அந்த மனுஷன் உலகம் பூராவும் தன் வாத்து சிரிக்குதுன்னு ஊசி குத்தி வச்சிருக்காரு. ஒண்ணுகூட இந்தத் துறையைத் தாண்டலைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அப்புறம் அந்த வீட்ல என் பொண்ணு என்ன முகத்தோட வளைய வருவா?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த ஊர்ல எதையுமே சரியாக் கண்டுபிடிக்காத துப்பறிவாளர் யாருன்னு விசாரிச்சேன். எல்லாரும் உங்களைத்தான் சொன்னாங்க. நம்பிக் கூப்பிட்டேன். இப்படிக் கண்டுபிடிச்சுட்டீங்களே.”

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய தொழில் வாழ்க்கையில் முதல் வெற்றி அது, அதற்கு வாடிக்கையாளர் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கவும் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு காலில் தோல் செருப்பு, மறுகாலில் ரப்பர் செருப்பு. ஒற்றைச் செருப்புக் கடைக்காரர், அதாவது சங்கத் தலைவர், வந்துவிட்டார். பின்னாலேயே வாத்துக்காரரும் தயங்கித் தயங்கி வந்தார். அவருடைய பொருள் சம்பந்தப்பட்ட சோதனை என்பதால் அவரும் இருக்க வேண்டுமாம்.

தலைவர் கோப்பைகளுக்கு நடுவில் இருந்த வாத்தைப் பார்த்தார். பிறகு பின்கட்டைப் பார்த்தார்.

“யாரும்மா வச்சது? ஆளைக் காட்டறேன்னு சொன்னீங்களே.”

“சாவிக்கடைக்காரர்” என்றார் கோப்பையம்மா பட்டென்று.

“அவரு போன வாரமே கடையை ஆள்கிட்ட விட்டுட்டு மகன் வீட்டுக்குப் படகேறிட்டாரே. நான்தான் வழியனுப்பினேன். இன்னிக்கு வந்த வாத்தை அவர் எப்படி வைப்பாரு?” தலைவர் சட்டைப் பையிலிருந்து பூட்டை எடுத்தார். “சரிம்மா. ஷட்டரை இறக்குங்க.”

கோப்பையம்மா ஷட்டர் கொக்கியை எடுக்கக் கை நீட்டினார். வாத்துக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஏதாவது செய்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் ஒரு மாதிரியாக. பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் என்னை அவ்வளவு பாசமாகப் பார்த்ததில்லை.

“ஆள் இங்கதான் இருக்காரு, தலைவரே” என்றார். “இவர்தான்.”

விரல் என்னை நோக்கி நீண்டது. என் அக்குளில் காலையில் வாங்கிய வாத்து இருந்தது. அதுவும் ஆமாம் என்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தால் மாப்பிள்ளையைத் திட்டுவதா, தலைவரிடம் உண்மையைச் சொல்வதா என்று எனக்குள் ஒரு கணம் தள்ளுமுள்ளு. கோப்பையம்மாவைப் பார்த்தேன். கொக்கியைப் பிடித்த கை அப்படியே நின்றிருந்தது.

“ஆமாங்க” என்றேன். “நான்தான்.”

“ஏன்?” என்றார் தலைவர்.

நியாயமான கேள்வி. எனக்கே பதில் தெரிய ஆசையாக இருந்தது.

“எனக்கு அந்த வாத்துன்னா உயிரு. நேர்ல போய்க் கேட்க வெட்கம். வர்ற போற பயணிங்ககிட்ட சொல்லி வாங்கச் சொல்லுவேன். வீட்டுக்குக் கொண்டுபோனா தங்கச்சி திட்டுவா. அதான் இங்க கொண்டுவந்து வச்சுட்டு, அப்பப்ப வந்து பார்த்துட்டுப் போவேன். இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

இப்படி ஒரு கதையை யாராவது நம்புவார்களா? தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் முகத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ, சந்தேகமே இல்லாமல் தலையை ஆட்டினார். அதுதான் எனக்கு அன்றைய தினத்தின் பெரிய அவமானம்.

“அப்ப இது கடைச் சரக்கு இல்ல. வாடிக்கையாளர் விட்டுட்டுப் போன சாமான். குத்தம் இல்ல” என்று பூட்டைத் திரும்பப் பையில் போட்டார். “ஆனா மச்சான், உங்க வாத்து அத்தனையையும் இப்பவே எடுத்துட்டுப் போயிடணும்.” இரண்டு ஜோடியில்லாச் செருப்புகளும் தெருவில் ஏறிப் போயின. கோப்பையம்மா ஷட்டர் கொக்கியை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு, கோப்பை ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். கண்ணீர் அந்தக் கோப்பைக்குள் விழுந்தது, உள்ளே இருந்த கைப்பிடி மேல்.

தள்ளுவண்டி ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்குத் திடீரென்று இடுப்பு வலி வந்துவிட்டதால் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. வாத்துக்காரர்தான் உதவிக்கு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, வண்டியில் அடுக்கினார். முடிந்ததும் என்னை எதிரே தன் கடைக்குள் கூட்டிப் போனார். வரைபடத்தின் முன்னால் நின்று, உலகம் முழுக்கக் குத்தியிருந்த ஊசிகளைப் பிடுங்கத் தொடங்கினார். பிடுங்கியதையெல்லாம் கடலோரத்தில் கடுகளவு இருந்த எங்கள் ஊர்ப் புள்ளியிலேயே திரும்பக் குத்தினார். இடம் போதாமல் ஊசிகள் கடலுக்குள் போயின.

எனக்குத் தாங்கவில்லை. “ஐயா, அதெல்லாம் வேண்டாங்க. இருந்தபடியே இருக்கட்டும்” என்றேன்.

“எதிர்ல பாருங்க. சம்பந்தியம்மா இங்கதான் பார்த்துட்டு இருக்காங்களா?” என்று திரும்பாமலே மெல்லக் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“அப்ப நல்லாக் குத்தணும். நீங்க சொன்னதை நான் நம்பிட்டேன்னு அவங்களுக்குத் தெரியணும்ல” என்றார். “அங்க யாரு வச்சுட்டுப் போறாங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும், மச்சான். முதல்ல நான் தெருவைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். இங்க ஊசி குத்தி அனுப்புவேன், கொஞ்ச நாள் கழிச்சு அவங்களே எதிர்ல கால் விரல்ல நடந்து போவாங்க. வச்சுட்டு வெளியில வந்து மூச்சு விடுவாங்க. அதைப் பார்க்க முடியாமத்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். சம்பந்தியம்மா ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடல. வெயில் படாம உள்ள வச்சு, தினம் தூசி தட்டியிருக்காங்க. இன்னிக்குத்தான் பார்த்தேன். எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. சங்கடப்படுவாங்க.”

தலையை மட்டும் ஆட்டினேன். வண்டிப் பிடியைப் பிடித்தேன்.

“மச்சான்” என்று வாசல்வரை வந்தார். “வீட்ல எங்க வேணா வையுங்க. சுவத்தைப் பார்த்து மட்டும் வைக்காதீங்க.”

இப்போது மாப்பிள்ளை வீட்டு மாடியில் என் அறை முழுக்க வாத்து. அத்தனையும் வாசலைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். தங்கை ஒரு தடவை வந்து பார்த்தாள். அதன்பிறகு எனக்குச் சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகிறாள், மாப்பிள்ளைக்கும் சேர்த்து, ஏனென்றால் அவரையும் அன்றே மேலே அனுப்பிவிட்டாள். விளக்கை அணைத்தால் பற்கள் மட்டும் தெரியும். மாப்பிள்ளை இருட்டில் புரண்டு படுத்து, “தூக்கம் வரலையே, மச்சான்” என்பார்.

“திருப்பிக் கொடுத்துடலாமா?” என்று கேட்பேன்.

அவர் இருட்டில் கை நீட்டி, பக்கத்தில் இருக்கிற வாத்தின் முதுகை இரண்டு முறை தடவிக் கொடுப்பார்.